ஆற்றில் மிதந்து வருவது கடலில் எங்கே போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆற்றுக் குப்பை, வெள்ளத்தில் அடித்து வரும் மரம், கடலோர நீரோட்டம் என்று பேச்சு எழுந்தாலே ஒரே மாதிரிச் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

ஆறு கொண்டுவந்து தள்ளியதும் குப்பை நேராக நடுக்கடலுக்குப் போய்விடும்தானே?

போகாது. பலர் மனத்தில் இருக்கும் படம் இதுதான். மற்றக் குழப்பங்களும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன. முகத்துவாரத்தைத் தாண்டும்போது ஆற்றுநீருக்கு இருக்கும் வேகம் நெடுந்தூரம் தாங்காது. சிறிய ஆறு, நடுத்தர ஆறு என்றால் சில கிலோமீட்டருக்குள் அந்த உந்துதல் அடங்கிவிடும்.

அதன்பின் நடப்பதுதான் முக்கியம். ஒரு கனமீட்டர் நன்னீரின் எடை சுமார் 1000 கிலோ, கடல்நீரின் எடை சுமார் 1025 கிலோ. இந்த 25 கிலோ வித்தியாசமே போதும். ஆற்றுநீர் உடனே கலந்துவிடாமல் கடலின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. பெரும்பாலும் சில மீட்டர் தடிமன்தான். மிதந்து வரும் பொருள்கள் எல்லாம் இந்தப் படலத்தின் மேல் இருப்பதால், முதல் சில நாட்களில் படலம் போகும் வழிதான் அவற்றுக்கும் வழி. இனி ‘படலம்’ என்று நான் சொல்வதெல்லாம் இதைத்தான்.

அமேசான் இதில் தனி ரகம். உலகின் ஆறுகள் கடலில் சேர்க்கும் மொத்த நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதனுடையது. அதன் படலம் ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். அதுகூட நேராகப் போவதில்லை. வட பிரேசில் நீரோட்டம் அதை மடக்கி, கரையை ஒட்டி வடமேற்கே இழுத்துச் செல்கிறது.

மிதந்து வருவது எல்லாமே பிளாஸ்டிக்தானா?

இல்லை. பெருவெள்ளத்தின்போது மரம், கிளை, சருகு, நாணல், ஆகாயத்தாமரை ஆகியவைதான் மலைபோல வரும். பிளாஸ்டிக் அவற்றுக்குள் சிக்கிக்கொண்டு வருவதும் உண்டு.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் மிதப்பதில்லை. பை, மூடி, கேன் செய்யப் பயன்படும் பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் தண்ணீரைவிட இலேசானவை, அதனால் மிதக்கும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், குடிநீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் அடர்த்தி சுமார் 1.38, அது மூழ்கும் சாதி. மூடி போட்ட பாட்டில் மிதப்பது உள்ளே இருக்கும் காற்றால்தான். மூடி கழன்று தண்ணீர் புகுந்தால் பாட்டில் அடியில், மூடி மட்டும் மேலே. கரையில் பாட்டில் இல்லாத மூடிகள் இத்தனை கிடப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

கடலில் நீளமாகக் கோடு போட்டதுபோல நுரையும் குப்பையும் சேர்ந்து நிற்கிறதே, அது என்ன?

படலத்தின் விளிம்பு. படகில் போய்ப் பக்கத்தில் பார்த்தால் நன்றாகவே தெரியும்: ஒரு பக்கம் மண்நிறத் தண்ணீர், மறுபக்கம் பச்சையோ நீலமோ, நடுவில் சில அடி அகலத்துக்கு நுரை. அந்த நுரைக்குள் சருகு, குச்சி, தெர்மாகோல் துண்டு, செருப்பு, மூடி எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் தண்ணீர் வெறிச்சென்று இருக்கும்.

ஏன் சேர்கிறது? கனமான கடல்நீர் விளிம்பில் படலத்துக்கு அடியில் புகுந்து கீழே இறங்குகிறது. மேற்பரப்பு நீர் இரண்டு பக்கமிருந்தும் அந்தக் கோட்டை நோக்கி வருகிறது. தண்ணீர் கீழே இறங்கிவிடும், ஆனால் மிதக்கும் பொருளால் இறங்க முடியாது, கோட்டிலேயே மாட்டிக்கொள்கிறது. மீன்கள் அதன் அடியில் கூடுவதால் மீனவர்கள் இந்தக் கோடுகளைத் தேடிப் போவதும் உண்டு.

இந்தச் சேர்க்கை எவ்வளவு வலுவானது என்பதை மெக்சிகோ வளைகுடாவில் 2016-ல் நடந்த ஒரு சோதனை காட்டியது. சுமார் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் பரப்பில் ஏறக்குறைய 200 மிதவைக் கருவிகளை விட்டிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அவற்றில் பாதி, 60 மீட்டருக்கு 60 மீட்டர் இடத்தில் வந்து குவிந்துவிட்டன. கடலில் விட்டால் எல்லாம் சிதறித்தான் போகும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். மீதிப் பாதி பல திசைகளில் பரவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடல் ஒரே நேரத்தில் கூட்டவும் செய்யும், கலைக்கவும் செய்யும்.

காற்றடிக்கும்போது வரிவரியாகத் தெரிகிறதே, அதுவும் இதுதானா?

அது வேறு. படலத்தின் விளிம்பில் பெரும்பாலும் ஒரு கோடுதான் இருக்கும், நிறமும் மாறும். காற்று உண்டாக்கும் வரிகள் பல, கிட்டத்தட்ட இணையாக, காற்றின் திசையிலேயே ஓடும். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே நிறம். மேற்பரப்புக்குக் கீழே தண்ணீர் நீண்ட உருளைகளாகச் சுழல்கிறது. பக்கத்துப் பக்கத்து உருளைகள் எதிரெதிராகச் சுழல்வதால், இரண்டு சேர்ந்து கீழிறங்கும் இடத்தில் வரி விழுகிறது.

1927-ல் அட்லாண்டிக்கைக் கடந்த அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர், சர்காசம் என்ற கடற்பாசி இப்படி வரிசை கட்டி மிதப்பதைக் கவனித்தார். பிறகு ஓர் ஏரியில் சோதித்துப் பார்த்து 1938-ல் விளக்கம் எழுதினார். அவர் பெயரால்தான் இந்தச் சுழற்சி இன்றும் அழைக்கப்படுகிறது.

ஆற்றுநீர் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே திரும்புகிறது?

பூமி சுழல்வதால். வட அரைக்கோளத்தில் நகரும் நீர் வலப்பக்கம் விலகும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கம். வட அரைக்கோளத்தில் முகத்துவாரத்தில் கடலைப் பார்த்து நின்றால் படலம் உங்கள் வலக்கைப் பக்கம் திரும்பிக் கரையோரமாக ஓடப் பார்க்கும். கிழக்குக் கரை என்றால் தெற்கே, மேற்குக் கரை என்றால் வடக்கே. நிலநடுக்கோட்டுக்கு அருகே இந்த விளைவு மிகவும் பலவீனம்.

ஆனால் ‘எப்போதும்’ என்பது சரியில்லை. இது படலத்தின் இயல்பு மட்டும்தான். காற்று பலமாக இருந்தால் தோற்கடித்துவிடும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் கொலம்பியா ஆற்றின் படலம் குளிர்காலத்தில் வடக்கே கரையை ஒட்டி ஓடுகிறது. கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்று அதைத் தென்மேற்கே, கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகிறது.

பொருளைக் காற்று தள்ளுகிறதா, நீரோட்டம் இழுக்கிறதா?

இரண்டும்தான். எது எவ்வளவு என்பதைப் பொருளின் உடல்வாகு தீர்மானிக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படிக்கலாம்.

தண்ணீரில் ஊறி, முதுகு மட்டும் லேசாகத் தெரியும் மரக்கட்டை நீரோட்டத்தோடு போகும். மூடி போட்ட காலி கேன் பாதிக்கு மேல் வெளியே நிற்பதால் பாய்மரம்போல நடந்துகொள்ளும். நீரோட்டம் தரும் வேகத்தோடு, காற்றின் வேகத்தில் 1 முதல் 4 சதவீதம் வரை கூடுதலாக அது நேரடியாகவே வாங்கிக்கொள்ளும். சின்ன எண்தானே என்று விட்டுவிட முடியாது. மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் 3 சதவீதம் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 26 கிலோமீட்டர். நொடிக்கு 20 சென்டிமீட்டர் ஓடும் சாதாரணக் கடலோர நீரோட்டம் ஒரு நாளில் கொண்டுபோவது 17 கிலோமீட்டர்தான். கேன் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில்கூடப் போக முடியும் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

2011 மார்ச் சுனாமி ஜப்பானிலிருந்து இழுத்துச் சென்றவற்றிலும் இதைப் பார்த்தார்கள். வெளியே அதிகம் தெரிந்த மிதவைகளும் அவை போன்ற இலேசான பொருள்களும் வட அமெரிக்கக் கரைக்கு முன்னால் வந்தன. ஊறிய மரங்கள் பின்தங்கின. இன்னும் நுணுக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 1990-ல் வட பசிபிக்கில் ஒரு கப்பலிலிருந்து ஆயிரக்கணக்கான விளையாட்டுக் காலணிகள் கடலில் விழுந்தன. அவற்றைத் தொடர்ந்து கவனித்த கடலியலாளர் கர்ட்டிஸ் எப்ஸ்மேயர், சில கரைகளில் இடது கால் காலணிகளும் வேறு சில கரைகளில் வலது கால் காலணிகளும் அதிகம் ஒதுங்கியதைக் கண்டார். காலணியின் வளைவு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து காற்று அவற்றை வெவ்வேறு பக்கம் திருப்பியிருக்கிறது.

காற்று வீசும் திசையிலேயே மேற்பரப்புத் தண்ணீரும் போகும்தானே?

இதுவும் அப்படியில்லை. ஆர்க்டிக்கில் ஃபிராம் என்ற ஆய்வுக் கப்பலில் இருந்த நார்வே ஆய்வாளர் நான்சென், மிதக்கும் பனி காற்றின் திசைக்கு வலப்புறமாக 20 முதல் 40 பாகை வரை விலகிப் போவதைக் கண்டார். அதற்குக் கணக்குப் போட்டு 1905-ல் விளக்கியவர் சுவீடன் கடலியலாளர் எக்மன். காரணம் முன்பு சொன்ன பூமியின் சுழற்சியேதான். காற்று அசைக்கும் மேலடுக்கு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் நிகர ஓட்டம் காற்றின் திசைக்குச் செங்கோணத்தில் இருக்கும்.

கரையோரத்தில் இதன் விளைவு பெரிது. வட அரைக்கோளத்தில், கரை இடப்பக்கம் இருக்கும்படி கரைக்கு இணையாகக் காற்று வீசினால் மேல்நீர் கடலுக்குள் விலகும், படலமும் அகன்று மெலியும். கரை வலப்பக்கம் இருக்கும்படி வீசினால் படலம் கரையோடு ஒட்டி நெருங்கும். அப்படிப்பட்ட நாட்களில்தான் குப்பை கொட்டிக் கிடக்கும். காற்று கடலிலிருந்து கரைக்கு நேராக வீச வேண்டும் என்ற அவசியமே இல்லை.

அலை கரைப்பக்கம்தானே வருகிறது? அப்போது எல்லாம் கரைக்கு வந்துவிட வேண்டுமே?

ஆழமான இடத்தில் அலை தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. தண்ணீர் ஏறக்குறைய வட்டமாகச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வரும். ‘ஏறக்குறைய’ என்பதில்தான் விஷயம்: ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னால் போய்விடும். 1847-ல் இதைக் கணக்கிட்டவர் கணிதவியலாளர் ஸ்டோக்ஸ். ஒரு மீட்டர் உயரம், ஆறு நொடிக்கு ஒன்று என்று வரும் அலையில் இந்த நகர்வு நொடிக்கு சுமார் 3 சென்டிமீட்டர், அதாவது ஒரு நாளைக்கு இரண்டரை கிலோமீட்டர். மேற்பரப்பில்தான் இது பலம். கீழே போகப் போக வேகமாகக் குறையும்.

ஆக, மேலே மிதப்பது அலையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு நெருக்கப்படும், சற்றுக் கீழே தொங்கிக்கொண்டு வருவது அவ்வளவாக நெருக்கப்படாது. கரையில் மிதக்கும் ரகமே அதிகம் கிடப்பதில் இதற்கும் பங்குண்டு.

ஓதம் இறங்கும்போது வெளியே போனது ஏறும்போது திரும்பி வந்துவிடுமா?

ஓரளவு வரும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே 12 மணி 25 நிமிடம். ஓத நீரோட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்தால், பொருள் ஏழு கிலோமீட்டர் வெளியே போய் அதே அளவு திரும்பும். ஒரே குச்சி முகத்துவாரத்தைப் பல தடவை தாண்டுவது சகஜம்.

போன வழியிலேயே திரும்புவதில்லை என்பதுதான் சிக்கல். முனை, பாறை, மணல்திட்டு ஆகியவற்றைக் கடக்கும்போது ஓட்டம் சுழி போடும். அதில் மாட்டிய பொருள் அடுத்த ஏற்றத்துக்கு வேறு தடத்தில் இருக்கும்.

வெள்ளம் வடிந்து பல நாள் கழித்துத்தான் கரையில் குப்பை குவிகிறது. ஏன் இந்தத் தாமதம்?

காரணம் ஒன்றல்ல. வெள்ளம் வந்தபோது படலத்தைக் கடலுக்குள் தள்ளிய காற்று பிறகு திசை மாறியிருக்கலாம். ஆற்றோரப் புதரிலும் அலையாத்தி வேரிலும் தங்கியது பின்னர் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றம் மேட்டில் கிடப்பதைத் தூக்கி மறுபடி கடலில் போட்டு, வேறிடத்தில் சேர்க்கும். ஒதுங்கியது ஒதுங்கியபடியே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

ஒரே ஆற்றின் குப்பை ஒரு பருவத்தில் வடக்கே, இன்னொரு பருவத்தில் தெற்கே போகுமா?

போகும். கொலம்பியா ஆற்றின் கதையை மேலே பார்த்தோம். வங்கக் கடலில் இது இன்னும் தெளிவு. இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் ஏறக்குறைய பிப்ரவரி முதல் மே வரை வடக்கே ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே.

பருவமழைக்குப் பிறகு கங்கை, பிரம்மபுத்திரா நீர் சுமார் 100 கிலோமீட்டர் அகலப் பட்டையாகக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, ஏறக்குறைய இரண்டரை மாதத்தில் இந்தியாவின் தென்முனையை எட்டுகிறது. 2014-ல் வெளியான ஓர் ஆய்வு இதைக் ‘கடலுக்குள் ஓர் ஆறு’ என்றே அழைத்தது. அதற்கான கடல்நீரைக் கரையோரமாகப் பல இடங்களில் மீனவர்களே எடுத்துக் கொடுத்தார்கள். செயற்கைக்கோளைவிடக் கரைக்கு நெருக்கமாகப் பார்த்தது அந்தத் தண்ணீர் மாதிரிகள்தான்.

ஆகாயத்தாமரை கடலில் பிழைக்குமா? மரத்தில் தொற்றிக்கொண்டு பிராணிகள் வருமா?

ஆகாயத்தாமரைக்கு உப்பு ஆகாது. படலத்தின் மேல் இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும். உப்பு ஏறியதும் வதங்கி, அழுகி, மூழ்கும். கடலில் பச்சையாக மிதந்தால் ஆற்றைவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை என்று கொள்ளலாம்.

பிராணிகள் வருவது கட்டுக்கதை இல்லை. 1995-ல் கரீபியனில் அடுத்தடுத்து இரண்டு சூறாவளிகள் அடித்தபின், வேரோடு சாய்ந்த மரங்களின் திரள் ஒன்று அங்குவில்லா தீவில் ஒதுங்கியது. அதில் குறைந்தது 15 பச்சை உடும்போந்திகள், அதாவது இகுவானாக்கள், இருந்தன. அந்த இனம் அதற்கு முன் அந்தத் தீவில் கிடையாது.

மிதப்பது எப்போதாவது மூழ்குமா?

மூழ்கும். மரம் ஊறிக் கனக்கும், கப்பல் புழு உள்ளே குடைந்து உதிர்த்துவிடும். பிளாஸ்டிக்கில் பாசியும், கொட்டலசு என்ற ஓடுள்ள ஒட்டுயிரியும் ஏறி எடை கூடும். பை போன்ற மெல்லியவை சீக்கிரமே போகும், ஏனென்றால் எடையைவிடப் பரப்பு அதிகம்.

மூழ்கியது கடலுக்குள் போகும் என்றும் சொல்ல முடியாது. கழிமுகத்தில் மேலே நன்னீர் வெளியேற, அடியில் உப்புநீர் உள்நோக்கி நகர்கிறது. மேலே வெளியே போன பை அடியில் திரும்பி ஆற்றுக்குள்ளேயே வரலாம்.

பத்து ஆறுகள்தான் கடல் குப்பைக்குக் காரணம் என்கிறார்களே?

2017-ல் வந்த ஒரு கணக்கு, ஆறுகள் வழியாக வரும் பிளாஸ்டிக்கில் 88 முதல் 95 சதவீதம் பத்து ஆறுகளுடையது என்றது. அது காட்டுத்தீபோலப் பரவியது. 2021-ல் வந்த விரிவான கணக்கு, 80 சதவீதத்தை எட்டவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகள் வேண்டும் என்றது. நகரங்களை ஒட்டிய சிற்றாறுகள் அதில் முக்கியம். அதன்படி ஆண்டுக்கு 8 இலட்சம் முதல் 27 இலட்சம் டன் வரை. இரண்டும் மாதிரிக் கணக்குகளே என்றாலும், பத்து ஆறு என்பதை இனி விட்டுவிடுவது நல்லது.

கடைசியில் எல்லாம் பசிபிக் ‘குப்பைத் தீவு’க்குத்தானே போகிறது?

அங்கே தீவு எதுவும் இல்லை, காலூன்ற இடமும் இல்லை. பரந்த நீரில் இறைந்து கிடக்கும் துண்டுகள்தான். எடைக்கணக்கில் கிட்டத்தட்ட பாதி மீன்பிடி வலை. ஆற்றுக் குப்பையின் பெரும்பகுதி அங்கே போய்ச் சேர்வதும் இல்லை. 2021-ல் வெளியான உலகளாவிய கணினி மாதிரி ஒன்றின்படி, நிலத்திலிருந்து கடலுக்கு வந்த மிதக்கும் பிளாஸ்டிக்கில் குறைந்தது 77 சதவீதம் ஐந்து ஆண்டுக்குள் கரையில் ஒதுங்கியோ கரையோர நீரில் சுற்றிக்கொண்டோ இருக்கிறது. இதுவரை சொன்ன அலை, ஓதம், படலம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. நடுக்கடலைக் காட்டும் படங்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடக் கரையோரக் கடலுக்குக் கிடைப்பதில்லை என்பது என் குறை.

ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் போட்ட இரண்டு பாட்டில்கள் எங்கே ஒதுங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

ஓரிரு நாளுக்கு ஓரளவு சொல்லலாம். கரையில் நிறுவிய ரேடார்கள் மேற்பரப்பு ஓட்டத்தை மணிக்கு மணி அளக்கின்றன. காற்று முன்னறிவிப்பும் கையில் இருக்கிறது. ஆனால் விளிம்புக் கோட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒரு மீட்டர் இடைவெளி விழுந்தாலே போதும், இரண்டும் வேறு வழி பிடித்துவிடும். அதனால் கணினியில் ஒன்றை விடாமல் ஆயிரக்கணக்கில் விட்டு, ‘இந்தக் கரைக்கு வாய்ப்பு இவ்வளவு’ என்றுதான் சொல்வார்கள்.

மிதவைக் கருவி வைத்துச் சோதிப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடியில் துணிப்பாய் தொங்கும் கருவி நீரோட்டத்தைக் காட்டும். பாய் அறுந்தால் காற்றைக் காட்டும். கேனின் வழி தெரிய வேண்டுமென்றால் கேன்போல மிதக்கும் கருவிதான் வேண்டும்.

ஒதுங்கிய பொருளைப் பார்த்து அது எந்த ஆற்றிலிருந்து வந்தது, எத்தனை நாள் மிதந்தது என்று சொல்லலாமா?

லேபிளை மட்டும் நம்பக் கூடாது. வேற்று மொழி எழுத்து உள்ள பாட்டில் அந்த நாட்டு ஆற்றில் வந்ததாகவே இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் போன கப்பலிலிருந்து விழுந்திருக்கலாம். தனித்த பாட்டிலைவிடக் கூட்டத்தைப் பாருங்கள். சருகு, நாணல், விதை, மூடி எல்லாம் கலந்து ஒரே வரிசையில் கிடந்தால் பக்கத்து ஆறு சமீபத்தில் கொண்டுவந்தது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

நாட்கணக்குக்குக் கொட்டலசுதான் துணை. தண்டோடு தொங்கும் ஒரு வகை, மிதக்கும் பொருள்களில்தான் குடியேறும், வேகமாகவும் வளரும். அதன் ஓட்டின் நீளத்தையும் கடல்நீரின் வெப்பத்தையும் வைத்து, பொருள் குறைந்தது எத்தனை வாரம் கடலில் இருந்தது என்று மதிப்பிடுகிறார்கள். ‘குறைந்தது’ என்பதை மறக்கக் கூடாது. கொட்டலசு ஏறும்முன் அது ஆற்றங்கரையில் எவ்வளவு காலம் கிடந்தது என்பதை ஓடு சொல்லாது. ஓர் அடையாளமும் ஒட்டாமல், வெயிலில் வெளுத்து நொறுங்கும் நிலையில் இருந்தால் அது கடலில் மிதந்ததைவிட மணலில் கிடந்ததே அதிகமாக இருக்கும்.